உப்பும் செசியும்: வடமராட்சியில் ஒரு ஹைலக்ஸ் டபுள் கெப் பற்றிய நிகழ்வு ஆய்வு

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடமராட்சி கிழக்குக் கரையோரத்திலிருந்து நெல்லியடிக்கும் கொடிகாமத்துக்கும் மீன் ஏற்றி வரும் பழைய டொயோட்டா ஹைலக்ஸ் டபுள் கெப் (இரு வரிசை இருக்கைகளும் திறந்த பின் தட்டும் கொண்ட பிக்கப்) ஒன்றைத் திருத்தி வைத்துக்கொள்வதா, அல்லது நல்ல விலை கிடைக்கும்போதே விற்றுவிட்டு அதைவிடப் புதிய ஒன்றுக்கு மாறுவதா என்பதே உரிமையாளர் என்னிடம் முன்வைத்த கேள்வி. வாகனம் எல்.என்.106 வகையைச் சேர்ந்தது. 1988 முதல் 1997 வரையான ஐந்தாம் தலைமுறை. 3எல் எனப்படும் 2,779 சிசி டீசல் எஞ்சின், கைக்கியர், தேவைப்படும்போது மட்டும் இணைக்கும் நான்கு சில்லு இயக்கம், முன்னும் பின்னும் தகடு ஸ்பிரிங்கில் அமர்ந்த முழு அச்சுகள். போர் முடிந்த பின்னர், தன் வேலையை நிறைவு செய்து வெளியேறிய ஒரு தொண்டு நிறுவனத்தின் ஏலத்தில் உரிமையாளர் இதை வாங்கினார். அன்று முதல் விடியற்காலையில் கரைக்குப் போய்ப் பெட்டிகளை ஏற்றுவதும், மாலையில் வெங்காயத் தோட்டத்துக்கு உரமும் தண்ணீர்ப் பம்பும் கொண்டுபோவதும் இதன் வேலை.

அவருக்குத் தெரிந்த குறைகள் இரண்டே. பின்பக்கம் பாரம் ஏற்றினால் வாகனம் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது. பிறேக் மிதி வழமையைவிடச் சற்று ஆழமாக இறங்குகிறது. எஞ்சின்மீது அவருக்கு எள்ளளவும் ஐயம் இல்லை. “தம்பி, இது ஹைலக்ஸ். எஞ்சின் இன்னும் பத்து வருசம் ஓடும்” என்றார். எஞ்சினைப் பொறுத்தவரை அவர் சொன்னது சரியாகவே இருந்தது. ஆயினும் யாழ்ப்பாணத்தில் ஒரு கெப் வாகனத்தின் ஆயுளைத் தீர்மானிப்பது எஞ்சின் அல்ல, அதைத் தாங்கும் அடிச்சட்டமான செசியே என்பது என் உறுதியான கருத்து. அதை நம்மவர்கள் வாங்கும்போதும் பார்ப்பதில்லை, விற்கும்போதும் பார்ப்பதில்லை.

அந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்பதை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். ஹைலக்ஸ் 1968இல் ஹினோ நிறுவனத்தின் ஹமுரா தொழிற்சாலையில் உருவாகத் தொடங்கியது. ஒரு தொன் பாரம் ஏற்றக்கூடிய, கார் அளவில் அடங்கும் ஒரு சிறு பாரவண்டி என்பதே அன்றைய எண்ணம். டட்சன் என்ற பெயரில் நிசான் அதற்கு முன்பே இத்தகைய வண்டிகளைச் செய்துகொண்டிருந்தது. இசுசு 1972இலும் மிட்சுபிஷி 1978இலும் தத்தம் பிக்கப்புகளைக் கொண்டுவந்தன. இன்றைய டி-மெக்ஸும் எல்200 எனவும் ட்ரைட்டன் எனவும் வழங்கும் வண்டியும் அவற்றின் வழிவந்தவையே. 1979இல் ஹைலக்ஸுக்கு நான்கு சில்லு இயக்கம் கிடைத்தபோது, தார் போடாத வீதிகளையே கொண்ட நாடுகளின் கவனம் முழுவதும் அதன்மேல் திரும்பியது.

இவை அனைத்துக்கும் அடிப்படை அமைப்பு ஒன்றே. ஏணி வடிவில் இரு நீண்ட இரும்புச் சட்டங்களும் குறுக்குச் சட்டங்களும் சேர்ந்த செசி. அதன்மேல் போல்ட்டுகளால் பொருத்திய கெபினும், தனியாகக் கழற்றக்கூடிய பின் தட்டும். செசி பாரத்தைத் தாங்க, உடற்பகுதி வெறும் கூடாக இருக்கிறது. எனவே உடற்பகுதி நசுங்கினாலும் வண்டி ஓடும். எஞ்சின் போனால் அதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொன்றை இறக்கி ஓட்டலாம். கார்களின் உடலும் செசியும் ஒன்றாகிவிட்ட காலத்திலும் இந்தப் பழைய முறையைக் கைவிடாததே இவ்வண்டிகளின் முதற் பலம். அவுஸ்திரேலியாவின் கால்நடைப் பண்ணைகள் முதல் ஆபிரிக்காவின் செம்மண் பாதைகள் வரை, தொழிற்சாலைப் பயிற்சி பெறாத ஒரு மெக்கானிக் சாவிகளையும் வெல்டிங் இயந்திரத்தையும் கொண்டு இவற்றைத் திரும்ப எழுப்பிவிட முடிகிறது. 1987இல் சாட் நாட்டுப் படையினர் டொயோட்டா பிக்கப்புகளில் ஏவுகணைகளைப் பொருத்திக்கொண்டு லிபியாவின் தாங்கிப் படையைப் பாலைவனத்தில் முறியடித்ததும் இதே இயல்பின் இன்னொரு முகம். போர் தின்ற மண்ணில் வாழ்ந்தவன் என்ற முறையில் அதை ஒரு பெருமையாக என்னால் எழுத முடியவில்லை.

நாட்டுக்கு நாடு காரணங்கள் மாறுபடுகின்றன. தாய்லாந்தில் பிக்கப்புகளுக்குக் குறைந்த கலால் வரி விதிக்கப்பட்டதால் அது குடும்ப வாகனமாகவே ஆனது. அந்த உள்நாட்டுச் சந்தையின் பலத்தில்தான் டொயோட்டா, இசுசு, மிட்சுபிஷி, நிசான் ஆகிய நிறுவனங்கள் தமது பிக்கப் உற்பத்தியின் மையத்தை அங்கு நகர்த்தின. 2004இல் டொயோட்டா தாய்லாந்து, இந்தோனேசியா, தென்னாபிரிக்கா, ஆர்ஜென்டினா ஆகிய நான்கு தளங்களை மையமாக வைத்து ஏழாம் தலைமுறை ஹைலக்ஸையும் அதே செசிக் குடும்பத்தைச் சேர்ந்த பிற வாகனங்களையும் தயாரிக்கத் தொடங்கியது. அவுஸ்திரேலியாவில் 2016 முதல் 2022 வரை ஆண்டுதோறும் மிக அதிகமாக விற்ற வாகனம் ஹைலக்ஸ்தான். அமெரிக்காவிலோ இறக்குமதிப் பாரவண்டிகளுக்கு 1964 முதல் 25 சதவீத வரி இருப்பதால் ஹைலக்ஸ் அங்கு விற்கப்படுவதில்லை. டக்கோமா என்ற தனி வண்டியை டொயோட்டா அச்சந்தைக்கென்றே செய்கிறது. ஜப்பானில்கூட 2004இல் நிறுத்தப்பட்ட ஹைலக்ஸ் 2017இல் மீண்டும் விற்பனைக்கு வந்தபோது தாய்லாந்திலிருந்துதான் இறக்குமதியானது. ஆகவே நாம் ‘ஜப்பான் வண்டி’ என்று சொல்லி மேலதிக விலை கொடுக்கும் பல கெப்புகள் தாய்லாந்தில் பிறந்தவை. தரத்தில் அதனால் குறைவில்லை. நமக்கு அது வசதியும்கூட. தாய்லாந்து, ஜப்பான், அவுஸ்திரேலியா, தென்னாபிரிக்கா எல்லாமே நம்மைப்போல இடப்பக்கம் ஓட்டும் நாடுகள் என்பதால், ஸ்டியரிங் பெட்டி முதல் டாஷ்போர்ட் வரை அங்கிருந்து வரும் பாகங்கள் இங்குள்ள வண்டிகளில் அப்படியே பொருந்துகின்றன.

யாழ்ப்பாணத்தில் இவ்வண்டிக்கு வேறொரு வரலாறும் உண்டு. யாழ்ப்பாணத்தைத் தெற்குடன் இணைக்கும் ஏ9 வீதி 2002இல் திறந்து, 2006இல் மூடி, 2009இல் மீண்டும் திறந்த அந்த ஆண்டுகளில், டபுள் கெப் என்றால் அதிகாரிகளும் படையினரும் நிவாரண நிறுவனங்களும் வந்து இறங்கும் வாகனம். தோட்டக்காரரோ கடற்றொழிலாளரோ அதைச் சொந்தமாக வைத்திருப்பது பற்றி நினைத்ததில்லை. அவர்களுக்கு லான்ட்மாஸ்டர் எனும் இருசில்லு உழவு இயந்திரமும் பின்னர் பட்டா எனும் சிறு பாரவண்டியும் போதுமாக இருந்தன. மீள்குடியேற்றமும் கண்ணிவெடி அகற்றலும் படிப்படியாகக் குறைந்தபோதுதான் ஏல வண்டிகள் சாதாரண மக்களின் கைக்கு வந்தன. பின்னர் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2022இல் ரூபாயின் பெறுமதியும் சரிந்ததால், 2025 தொடக்கத்தில் தடை நீங்கும்வரை பழைய வண்டிகளின் விலை மிக உயர்ந்தே இருந்தது. வாங்கிய விலையைவிடப் பன்மடங்குக்கு இருபது, முப்பது வயது வண்டி கைமாறும் நிலை, பெயரைப் பார்த்துக் காசு கொடுக்கும் பழக்கத்தை நம்மிடையே ஆழமாக ஊன்றிவிட்டது.

ஆய்வுக்கு வருகிறேன். எஞ்சினில் சொல்வதற்கு அதிகம் இல்லை. குளிர்ந்த நிலையில் சூடேற்றியை இயக்கியதும் தாமதமின்றித் தொடங்கியது. எண்ணெய் மூடியைத் திறந்தபோது புகை மிகக் குறைவு. வால்வுகளை இயக்கும் டைமிங் பெல்ட்டை மட்டும் எப்போது மாற்றியது என்று எவருக்கும் தெரியாததால் மாற்றப் பரிந்துரைத்தேன். இந்த எஞ்சினில் பெல்ட் அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் இடித்து எஞ்சின் தலையே போய்விடும்.

முன் டிஃபரென்ஷியலின் (இரு சில்லுகளுக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் பற்சக்கரப் பெட்டி) வடிகால் போல்ட்டைத் திறந்தபோது பால் கலந்த தேநீரின் நிறத்தில் எண்ணெய் இறங்கியது. கரையில் மணலுக்குள் அச்சு மூழ்கியும், கடல்நீர் தேங்கிய பள்ளங்களைக் கடந்தும் வந்ததில், சூடாயிருந்த அச்சு திடீரெனக் குளிர்ந்து, உள்ளே உண்டாகும் வெற்றிடம் காற்றுத்துளை வழியாகத் தண்ணீரை உறிஞ்சியிருக்கிறது. அத்துடன் முன் சில்லுகளை அச்சோடு பூட்டும் குமிழ்கள் இரண்டும் இறுகிப் போயிருந்தன. நான்கு சில்லு இயக்கத்தை அவர் நீண்ட காலம் இணைத்ததே இல்லை. இணைக்காமல் வைத்தால் தேயாது என்பது பரவலான எண்ணம். உப்புக் காற்றில் அது நேர்மாறாக முடிகிறது. இவ்வகை வண்டியில் நடு டிஃபரென்ஷியல் இல்லாததால் தார் வீதியில் நான்கு சில்லையும் இணைத்து ஓட்டுவது தவறு. ஆனால் மாதத்தில் ஒரு தடவையாவது மணலில் இணைத்துச் சிறிது தூரம் ஓட்டினால் உள்ளுறுப்புகளில் எண்ணெய் பரவி அவை இறுகாமல் இருக்கும்.

உண்மையான நோய் செசியில் இருந்தது. வண்டியைத் தூக்கி நிறுத்தி, சிறிய சுத்தியலால் முன்னிருந்து பின்னாகத் தட்டிக்கொண்டு போனோம். கெபினுக்குக் கீழே கணீரென்ற ஒலி. பின் அச்சுக்கு மேலே செசி வளைந்து எழும் இடத்தில் ஒலி மந்தமானது. பின் ஸ்பிரிங்கைத் தாங்கும் தாங்கியின் மேற்புறத்தில் சுத்தியல் முனை உள்ளே இறங்கியது. அவ்விடத்தில் முன்னர் யாரோ ஒரு தகட்டை வைத்து வெல்ட் செய்திருந்தனர். வெளியிலிருந்து பார்க்க அது புதிதாக, கறுப்பு வர்ணத்துடன் திடமாகத் தெரிந்தது. துருவைச் சுரண்டாமல் பழைய உலோகத்தின்மேல் புதிய தகட்டை வைத்து மூடியதால் இரண்டுக்கும் இடையே ஈரம் சிறைப்பட்டு, ஒட்டுக்குப் பின்னால் இருந்த மூல இரும்பு செதில் செதிலாகப் பிரிந்திருந்தது. வாகனம் சாய்ந்து நின்றதற்கு உடைந்த ஸ்பிரிங் காரணம் அல்ல. ஸ்பிரிங்கைத் தாங்கிய இரும்பே மேல்நோக்கி அமுங்கியிருந்தது.

பின் தட்டைக் கழற்றும்வரை முழுக் காரணம் தெரியவில்லை. அதன் போல்ட்டுகளில் பெரும்பாலானவை திரும்ப மறுத்ததால் வெட்டி எடுக்க நேர்ந்தது. தட்டை நால்வர் தூக்கி அகற்றியதும், செசிச் சட்டத்தின் மேற்பரப்பில் ஒரு விரல் தடிப்புக்கு ஈரமணல் படிந்திருந்ததைக் கண்டோம். அதற்குள் மீன் செதில்கள் மினுங்கின. தட்டின் நான்கு மூலைகளிலும் மழைநீர் வடிவதற்கென்று உள்ள துளைகள், வலப்பக்கப் பின் துளை உட்பட, நேரே செசியின் மேலேயே திறக்கின்றன. ஒவ்வொரு காலையும் பெட்டிகளிலிருந்து உருகும் ஐஸ்நீர் மீனின் உப்போடு கலந்து அந்தத் துளைகளால் இறங்கி, செசியின் வெளிப்புறத்தையும், அதன் துவாரங்கள் வழியாக உட்புறத்தையும் நனைத்துவந்திருக்கிறது. வழமையாகப் பெட்டிகளை வலப்பக்கத்தில் அடுக்குவதால் வலப்பக்கம் கூடுதலாகச் சிதைந்திருந்தது. செசியோடு ஓடும் பிறேக் குழாய், அதைப் பிடித்திருக்கும் கிளிப்புக்குக் கீழே, நகத்தால் சுரண்டினால் உதிரும் அளவுக்கு மெலிந்திருந்தது. மிதி ஆழமாக இறங்கியதன் காரணம் அங்கேதான் இருந்தது; மெல்லக் கசிந்த பிறேக் எண்ணெய் மணலோடு கலந்து காய்ந்திருந்ததால் நிலத்தில் ஒருபோதும் சொட்டவில்லை.

உப்பு வெறும் தண்ணீரைப் போலக் காய்ந்து போய்விடுவதில்லை. அது காற்றிலுள்ள ஈரத்தைத் தன்பக்கம் இழுத்து வைத்திருப்பதால், வண்டி நிழலில் நிற்கும் இரவிலும் இரும்பு நனைந்தே இருக்கிறது. குளோரைட்டு துருவின் கீழ்ப்படலத்தில் தொடர்ந்து வேலை செய்கிறது. பெட்டி வடிவில் மூடிய சட்டத்துக்குள்ளே வெயிலும் காற்றும் எட்டாததால் சேதம் உள்ளிருந்து வெளியே வருகிறது. கண்ணுக்குத் தெரியும் நாளில் பாதி உலோகம் போய்விட்டிருக்கும். நம்முடைய உப்பு கடலிலிருந்து வருகிறது. வட அமெரிக்காவில் பனியை உருக்க வீதியில் கொட்டுவதிலிருந்து வருகிறது. அங்கு டக்கோமா உள்ளிட்ட வண்டிகளின் செசி துருப்பிடித்தது தொடர்பான கூட்டு வழக்கை டொயோட்டா 2016இல் இணக்கமாகத் தீர்த்து, பாதிப்புற்ற வாகனங்களின் செசிகளைச் சோதிக்கவும் தேவையானவற்றை மாற்றிக் கொடுக்கவும் உடன்பட்டது. உலகின் மிகவும் நம்பப்படும் பெயரும் உப்பின்முன் சலுகை பெறுவதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

உரிமையாளர் கவனமற்றவர் அல்லர் என்பதையும் பதிவுசெய்ய வேண்டும். நாள்தோறும் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரால் வண்டியைக் கழுவியிருக்கிறார். அந்தக் கிணறோ உவர்க் கிணறு. வற்றாத ஆறில்லாத, சுண்ணாம்புக் கல்லின்மேல் மழைநீர் மிதந்து நிற்கும் குடாநாட்டில், கரையை அண்டிய கிணறுகளுக்குள் கடல்நீர் ஏறுவது புதிதல்ல. கோடையில் அது இன்னும் கூடும். அந்தத் தண்ணீரில் சிறிதைக் கறுப்புத் தகடு ஒன்றின்மேல் ஊற்றி வெயிலில் காயவிட்டேன். வெண்படலம் படிந்தது. அதைப் பார்த்த பின் அவருக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

விற்றுவிட்டுப் புதியதற்குப் போகும் வழியையும் நேர்மையாக எடைபோட்டோம். 2004க்குப் பிந்தைய ஹைலக்ஸுகளிலும் அதே காலத்து நிசான் நவாரா, ட்ரைட்டன், டி-மெக்ஸ் வண்டிகளிலும் உள்ள கொமன் ரெயில் (உயர் அழுத்தத்தில் எரிபொருளைச் செலுத்தும்) டீசல் எஞ்சின்கள் வலுவிலும் எரிபொருள் சிக்கனத்திலும் பழையவற்றைவிடத் தெளிவாக மேலானவை. ஆனால் அவற்றின் பம்பும் இன்ஜெக்டர்களும் மிக நுண்ணிய இடைவெளிகளில் இயங்குகின்றன. டீசலில் தண்ணீரோ மண்ணெண்ணெயோ கலந்தால் பழைய இயந்திர பம்ப் முறுமுறுத்துக்கொண்டு ஓடும், இவை ஓடமாட்டா. டொயோட்டாவின் 3.0 லீற்றர் 1கேடி எஞ்சினில் இன்ஜெக்டர் அடிவளையம் கசிந்து, எரிந்த வாயு எண்ணெய்க்குள் கலந்து, கரி படிந்து எண்ணெய் உறிஞ்சும் வலையை அடைக்கும் குறை மெக்கானிக்குகள் நன்கறிந்தது. அத்தகைய வண்டியை வாங்குபவர் எண்ணெய்த் தட்டைக் கழற்றி வலையைப் பார்க்காமல் காசைக் கொடுக்கக் கூடாது. 2015க்குப் பிந்திய எஞ்சின்களில் சிலவற்றுக்குப் புகைக் கரியைப் பிடிக்கும் வடிகட்டியும் உண்டு. வேகமான நெடும்பயணத்தில்தான் அது பிடித்த கரியைச் சரிவர எரித்துத் தன்னைத் தானே சுத்தம் செய்யும். அவுஸ்திரேலியாவில் 2015க்கும் 2020க்கும் இடையே விற்ற டீசல் ஹைலக்ஸ் உள்ளிட்ட வண்டிகளின் இந்த வடிகட்டி முறை குறித்தும் டொயோட்டாமீது கூட்டு வழக்கு நடந்தது. கரைக்கும் சந்தைக்கும் இடையில் மெதுவாக ஓடும் வண்டிக்கு அந்த வடிகட்டி பொருந்தாது என்றே அவரிடம் சொன்னேன்.

இவற்றைவிட என் முடிவைத் தீர்மானித்தது வேறொன்று. மீன்நீர் இறங்கும் முறையை மாற்றாமல் எந்த வண்டியை வாங்கினாலும் அதன் செசிக்கும் இதே கதிதான் நேரும். ஆகவே திருத்துவது என்று தீர்மானித்தோம்.

பழைய ஒட்டுத் தகட்டை முற்றாக வெட்டியெடுத்து, துளையிட்டுத் தடிப்பை அளந்து, நல்ல உலோகம் தொடங்கும் இடம்வரை சிதைந்ததை நீக்கினோம். உள்ளே ஒரு தாங்கு தகடும் வெளியே ஒரு தகடுமாக மாற்று இரும்பு வைக்கப்பட்டது. வெளித் தகட்டின் முனைகளை நேராக வெட்டாமல் சாய்வாக வெட்டச் செய்ததற்குக் காரணம் உண்டு. சட்டத்தின் மேல், கீழ் விளிம்புகளில் குறுக்காக வெல்ட் வைத்தால் வளைவு விசை முழுவதும் அந்தக் கோட்டில் குவிந்து, சில காலத்தில் வெல்ட்டுக்கு அருகிலேயே விரிசல் தொடங்கும். வேலை தொடங்குமுன் பற்றரி இணைப்புகள் கழற்றப்பட்டன. பிறேக் குழாய்கள் முழுவதும் புதிதாக இடப்பட்டன. பாரத்துக்கேற்பப் பின் பிறேக்கின் வலுவை மாற்றும் வால்வின் நெம்பும் இறுகியிருந்ததால் அதைத் திருத்தினோம். மாற்று வால்வு கொழும்பில் வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையிலிருந்து வந்தது. மற்றவற்றை யாழ்ப்பாண நகரிலேயே வாங்க முடிந்தது. முப்பது வயதை நெருங்கிய ஒரு வண்டியின் பாகத்தை ஒரு கிழமைக்குள் பெற முடிகிறது என்பதில்தான் இந்தப் பெயரின் உண்மையான மதிப்பு இருக்கிறது என்று நான் கருதுகிறேன்.

உட்புறத்தைக் காப்பதற்கு, துரு மாற்றும் திரவம் தெளித்துக் காய்ந்த பின், வெப்பத்தில் இளகிப் பரவும் மெழுகு வகையைச் செசியின் துவாரங்கள் வழியாக நீண்ட குழாய் முனையால் செலுத்தினோம். வெளியே துத்தநாகம் கலந்த முதற்பூச்சு. நம்மூரில் வழக்கமான பழைய எஞ்சின் எண்ணெயைப் பூசுவதை நான் ஏற்கவில்லை. அது மணலைப் பிடித்துவைக்கும், கெபினைத் தாங்கும் றப்பர்களை ஊதவைத்துக் கெடுக்கும், மழையில் வழிந்து தோட்ட மண்ணிலும் கிணற்றிலும் சேரும்.

பெரிய மாற்றத்துக்கு ஆன செலவு மிகச் சிறியது. தட்டின் பழைய துளைகளை அடைத்து, பின் மூலையில் புதிய வாயொன்று வைத்து, அதில் ஒரு றப்பர் குழாயைப் பொருத்தி, பின் பம்பருக்கு அப்பால் நீர் விழுமாறு செய்தோம். மீன்பெட்டிகள் இப்போது விளிம்பு உயர்ந்த ஒரு ஃபைபர் தட்டுக்குள் அமர்கின்றன; கரையோரத்தில் படகு செய்பவர் ஒருவர் அதை அளவெடுத்துச் செய்து கொடுத்தார். உவர்க் கிணற்று நீரில் கழுவுவது நின்றது. கிழமைக்கு ஒருமுறை நன்னீர்க் கிணறுள்ள உறவினர் வீட்டில் வண்டியின் அடிப்பகுதிக்கும் செசித் துவாரங்களுக்கும் தண்ணீர் அடிக்கிறார்கள்.

ஒரு மாரி கழிந்த பின் மீண்டும் பரிசோதித்தேன். திருத்திய இடத்தில் மெழுகுப் படலம் குலையாமல் இருந்தது. ஸ்பிரிங் தாங்கி இருபுறமும் சம உயரத்தில் நின்றது. முன் டிஃபரென்ஷியல் எண்ணெய் தெளிவாக இருந்தது, அதன் காற்றுத்துளைக் குழாயை எஞ்சின் அறையின் மேற்பகுதிவரை நீட்டியதே காரணம். கெபினின் இடப்பக்கப் பின் தாங்கியைச் சுற்றிப் புதிதாகத் துரு தொடங்கியிருந்தது. நாங்கள் பிரித்துப் பார்க்காமல் விட்ட இடம் அது. கெபினைச் சற்றுத் தூக்கி அந்தத் தாங்கியையும் அதன் றப்பரையும் மாற்றும் வேலை, வெங்காய அறுவடை முடிந்து வண்டிக்கு ஓய்வு கிடைக்கும்போது நடக்கும்.